வாரண்ட் என்றால் காவல் என்றேன்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன், வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். சொற்களின் வேரைத் தேடுவதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு.

போன வருஷம் ஒரு மதியம், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், முகப்பழக்கமுள்ள ஒரு சுந்தரபாண்டியத்து விவசாயி பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனை நீட்டினார். வரப்புத் தகராறு வழக்கில் ஒரு வாய்தாவுக்கு அவர் போகவில்லை. வக்கீல் குமாஸ்தா ஏதோ கோர்ட்டுத் தாளைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.

“வாரண்டுன்னு போட்டிருக்காம் சார். புடிச்சிட்டுப் போயிருவாகளா? அதான் வக்கீலப் பாக்கப் போறேன்.”

நான் தாளைப் படிக்கவில்லை. அந்த ஒரு சொல்லைத்தான் பார்த்தேன். இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்காரர்கள் கொண்டுவந்த சொல் அது என்று ஆரம்பித்தேன். அவர்கள் வாயில் ‘வ’ என்று நின்றது, பாரிஸ் பக்கம் ‘க’ ஆகிவிட்டது. நாம் கடையில் கேட்கிற வாரண்டியும் கேரண்டியும் அப்படிப் பிரிந்த ஒரே சொல்தான். அதற்கும் முன்னால், பழைய ஜெர்மானியப் பேச்சில், பொறுப்பேற்றுக் காப்பவன் என்று பொருள்.

“அப்ப நமக்குக் காவல்தானா சார்?”

“மூலத்தில அதான் அர்த்தம்,” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும், வக்கீலைப் பார்க்கக் கோர்ட்டுப் பக்கம் போகாமல் தன் ஊர் பஸ்ஸில் ஏறினார். பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கேட்பதற்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் நானும் வீட்டுக்கு நடந்தேன்.

மூன்றாம் நாள், தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரைப் போலீஸ் ஈர வேட்டியோடு கூட்டிப்போயிருக்கிறது. சாயங்காலம் ஜாமீனில் விட்டார்களாம். கண்டக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு ஆற்றமாட்டாமல் சொன்னார்: “பஸ்ஸுல யாரோ ஒரு வாத்தியார் பயமில்லன்னாராம். படிச்சவிய சொன்னா சரியா இருக்கும்னு இவிய பேசாம வந்துட்டாக. ஊரே பாத்துச்சு.”

விவசாயி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. “நாந்தான் தப்பா வெளங்கிக்கிட்டேன்,” என்று தரையைப் பார்த்தபடி சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“அந்த வாத்தியார் நான்தாம்மா,” என்றேன்.

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

அதிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் அந்த விவசாயியோடு கோர்ட்டுக்குப் போகிறேன். தாளை முழுக்கப் படித்து, தேதியை இரண்டு தரம் சொல்கிறேன். அவர் பழையபடிதான் பேசுகிறார். எனக்குத்தான் இன்னும் அவர் முகத்தை நேரே பார்க்க முடிவதில்லை.