சுருளி வீசிய துண்டு

டவுன் பஸ் ஓட்டும் சுருளிக்கு விசில்தான் எஜமான். ஒரு விசில் அடித்தால் நிற்க வேண்டும், இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதே பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் மனைவி முத்துமீனாவின் ராஜ்ஜியம். அவன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஒரே ஜீவன் வீட்டு நாய். அதற்கும் காரணம், நாய்க்குக் காது கேட்காது என்பதுதான்.

வெள்ளை வெளேரென்ற ராஜபாளையம் நாய். பிறவிச் செவிடு என்று தெரிந்ததும் வாங்கிய புண்ணியவான் அதைப் பரவை மார்க்கெட் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். அங்கே காய்கறிக் கடையில் எடை போடும் முத்துமீனா கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்து மணி என்று பேர் வைத்தாள். செவிட்டு நாய்க்கு மணியா என்று தெருவே சிரித்தது. அவள் சட்டை செய்யவில்லை. வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி வீசினால் ஓடி வர வேண்டும் என்று பழக்கிவிட்டாள். அதுவும் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளையாகத் துண்டைக் கண்டால் பறந்து வரும்.

மார்க்கெட் லீவும் சுருளியின் ஓய்வு நாளும் ஒன்றாக வருவது குதிரைக் கொம்பு. இந்தச் சித்திரையில் அப்படி ஒரு ஞாயிறு வாய்த்தது. திருவாதவூருக்கு அப்பால் ஒரு கண்மாயில் மீன்பிடித் திருவிழா என்று கேள்விப்பட்டு, புளியோதரை கட்டிக்கொண்டு, மணியை ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்துக் கிளம்பிவிட்டார்கள்.

"இன்னைக்காச்சும் எவன் விசிலுக்கும் ஓடாம காலை நீட்டி உக்காரணும்" என்றான் சுருளி.

கண்மாய்க் கரையில் ஏறியவன் வாயைப் பிளந்துவிட்டான். நாலாபுறமும் தலை தலையாக ஜனம். மூங்கில் கூடை, கொசுவலை, பழைய சேலை என்று கைக்குக் கிடைத்ததோடு நின்றார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மீன் துள்ளுவது கரைக்கே தெரிந்தது. ஆனால் ஒருவர் காலும் நனையவில்லை.

"ஏண்ணே, இறங்காம நிக்கிறாங்க?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டான்.

"சாமி கும்பிட்டுட்டு எங்க ஊர்ப் பெரியவரு அம்பலகாரர் கரைமேல நின்டு வெள்ளைத் துண்டு வீசுவாரு மாப்ள. அதுக்கு முன்னாடி ஒரு கால் பட்டாலும் அந்த வருசம் மழை இல்லைன்னு பேச்சு."

சுருளி தலையாட்டினான். பொட்டலத்தைப் பிரிக்கிற மும்முரத்தில் அந்தப் பேச்சு ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து மணி ஒரு கொக்கைக் கண்டு, கயிற்றை உருவிக்கொண்டு சரிவில் பாய்ந்தது.

"ஏங்க, தண்ணிக்குள்ள போகுதுங்க!" என்று முத்துமீனா கத்தினாள்.

சுருளி துள்ளியெழுந்தான். கரையின் மேட்டில் ஏறினான். தோளில் கிடந்த துண்டை உருவித் தலைக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி வீசினான்.

ஹோவென்று ஒரு சத்தம். நாலு கரையும் சரிந்து விழுந்ததைப் போல அம்புட்டு ஜனமும் தண்ணீருக்குள் இறங்கியது. கண்மாய் கலங்கிச் சேறாகிக் குமுறியது. தன் ஒரு கைவீச்சுக்கு இத்தனை பேரா என்று சுருளிக்கு உடம்பு சிலிர்த்தது. செய்தது என்னவென்று உறைத்ததும் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

அந்தக் கூட்டத்துக்குள் மணி எங்கேயோ இருந்தது. முத்துமீனா துண்டைப் பிடுங்கி வீசு வீசென்று வீசினாள். பிரயோஜனமில்லை. அங்கே தலைக்குத் தலை வெள்ளைத் துண்டு. அத்தனையும் அசைந்துகொண்டிருந்தன. நாய் எந்தத் துண்டை நம்பி ஓடும்? மிதிபட்டு மூழ்கலாம், மறுகரையில் ஏறி லாரி ஓடும் ரோட்டுக்குப் போகலாம். தொலைந்தால் பேர் சொல்லிக் கூப்பிடக்கூட வழியில்லை. அவள் அழத் தொடங்கினாள்.

கோயிலிலிருந்து சூடத்தட்டும் கையுமாக அம்பலகாரர் காளை வந்தார்.

"துண்டு வீசுனது யாருப்பா?"

சுருளி கையைக் கட்டிக்கொண்டு முன்னால் போனான். முத்துமீனா முந்திக்கொண்டாள்.

"தப்பு எங்க மேலதான்யா. என்ன அபராதம்னாலும் போடுங்க. எங்க நாயி உள்ள மாட்டிக்கிருச்சு. அதுக்குக் காது கேக்காது. துண்டு வீசுனாத்தான் வரும். இம்புட்டுத் துண்டுக்குள்ள என் துண்டு அதுக்கு எப்படிய்யா தெரியும்?"

பெரியவர் அவளைப் பார்த்தார், கண்மாயைப் பார்த்தார். பிறகு திருவிழாவுக்குக் கரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கியின் மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் அப்பிடியே நில்லுங்கப்பா! தலையில தோள்ல கெடக்குற துண்ட எடுத்து மடியில செருகிட்டுக் குனிஞ்சு உக்காருங்க. ஒரு வாயில்லாச் சீவனுக்கு வழி தெரியல."

யாராவது கேட்பார்கள் என்று சுருளி நம்பவில்லை. மீன் காலடியில் புரள்கிறபோது எவன் கேட்பான்? ஆனால் முன்வரிசை உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கூடைக்குள் கையை விட்டிருந்தவன் பிடித்த விராலை விட்டுவிட்டு உட்கார்ந்தான். கண்மாய் முழுக்கக் கழுத்துவரை சேற்றுத் தண்ணீரில் மூச்சுக் காட்டாமல் மனிதர்கள். வெள்ளை என்று ஒரு நூல்கூட இல்லை. பெரியவர் தன் துண்டையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். கடவுளைக் கண்ணால் பார்த்தவன் எவனும் இல்லை என்பார்கள். சுருளி அன்றைக்குப் பார்த்தான்.

முத்துமீனா மேட்டில் ஏறித் துண்டை ஒரு சுற்றுச் சுற்றி வீசினாள்.

நட்டநடுவில் சேறு பூசிய ஒரு தலை நிமிர்ந்தது. பார்த்தது. பிறகு குனிந்திருந்த தலைகளுக்கு நடுவே தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து அவள் மேல் பாய்ந்து அவளையும் சேறாக்கியது. அவள் அதைக் கட்டிக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இன்னும் யாரும் எழுந்திருக்கவில்லை. அத்தனை முகமும் கரையைப் பார்த்தபடி காத்திருந்தது. பெரியவர் அணையாத சூடத்தைக் கண்மாய்க்குக் காட்டிக் கும்பிட்டுவிட்டுச் சுருளியிடம் திரும்பினார்.

"ஆரம்பிச்சு வச்சவன் நீதான தம்பி. சனம் காத்துக் கெடக்கு, வீசு."

சுருளிக்குக் கை எழவில்லை. பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு துண்டை நீட்டினாள்.

"வீசுங்க. மணிய நான் கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்."