அவசரப்பட்டுக் கட்டிய பேனர்

விசா வருவதற்கு முன்பே எனக்குப் பேனர் கட்டிவிட்டார்கள். ஜெர்மனியில் நர்ஸ் வேலை உறுதி என்று கடிதம் வந்த வாரமே, எங்கள் குப்பத்து முனையில் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பத்தடி உயரத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஒரு விமானம். காலடியில் அண்ணனும் அவன் கூட்டாளிகளும், கூலிங் கிளாஸ் போட்ட பன்னிரண்டு தலைகள். பிரியாணி போட்டார்கள். நாவலூரில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலும் கேக் வெட்டி அனுப்பிவைத்தார்கள்.

அப்புறம்தான் ஏதோ ஒரு சான்றிதழில் முத்திரை சரியில்லை என்று விசா நின்றது. ஒரு மாதம், இரண்டு மாதம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பேனரையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். இன்னுமா போகவில்லை என்று கேட்காத வாய் இல்லை. அம்மாவிடம் மீன் வாங்க வருகிறவர்கள்கூட வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு அடுத்ததாக என் விசாவைத்தான் கேட்டார்கள்.

மீன் விற்கிற அம்மாவை வாயில் ஜெயிக்க எங்கள் குப்பத்தில் ஆளில்லை. அவளே ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "விசா வர்ற வரிக்கும் படாளத்துல சித்தி வூட்ல போய் இருந்துக்கோ. நீ போய்ட்டன்னு சொல்லிக்கிறேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் யார் வீட்டில் திருடினேன், ஒளிவதற்கு? படாளத்து வயல்காட்டில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியில் குளிர் தாங்கவில்லை என்று போனில் கதை விடவா? மாட்டேன் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். விசா வராமலே போய்விட்டால் என்ற நினைப்பு விடவே இல்லை.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசா வரும்வரை வேலை கொடுங்கள் என்று மேட்ரனிடம் கேட்டேன், எனக்குக் கேக் ஊட்டிய அத்தனை பேருக்கும் முன்னால். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். இருந்த ஆள் பற்றாக்குறையில் யாருக்கும் சிரிக்க நேரமில்லை. அடுத்த நாளிலிருந்தே பகல் டியூட்டி போட்டுக் கொடுத்துவிட்டார்.

தினமும் என் பேனருக்கு எதிரே நின்றுதான் பஸ் பிடித்தேன். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது என்று ஜெர்மனில் வாய்விட்டே சொல்லிப் பழகினேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில், விசா வரவில்லை, வந்தால் போவேன். பத்து நாளில் கேட்பது பாதியாகக் குறைந்தது. பயம் குறையவில்லை. ஆனால் நோயாளியின் கையில் நரம்பு தேடும்போது நர்ஸின் விரல் நடுங்கக் கூடாது. நடுங்கவில்லை.

ஒரு காற்றில் பேனரின் ஒரு பக்கம் அவிழ்ந்து தொங்கியது. லீவு நாளில் நானே ஏணி வைத்து ஏறி அறுத்து இறக்கினேன். அண்ணன் முறைத்தான். நல்ல கெட்டி ஃப்ளெக்ஸ், நெத்திலி காயப்போட வைத்துக்கொள் என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தை மணலில் கவிழ்த்து, வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி விரித்தாள். நான் திருப்பிப் போட்டேன். அவள் என் சிரிப்பின் மேலேயே மீனைப் பரப்பினாள்.

விசா அதற்கும் ஆறு வாரம் கழித்துத்தான் வந்தது. என் உதறல் மட்டும் அன்றைக்கே நின்றுவிட்டது, எதிர்வீட்டு அத்தை நெத்திலி வாங்க வந்து நின்ற நிமிஷத்தில்.

"பொண்ணு போட்டோ மேலயே மீனைக் காயப் போட்டுக்கினு கீற. அப்ப அவ போவலதானா?" என்றாள் அத்தை.

அம்மா நிமிரவே இல்லை. ஒட்டியிருந்த மீன்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "போனா போவா. போவலன்னா இங்கியே இருப்பா. எங்க இருந்தாலும் எம் பொண்ணுதான். உனுக்கு மீன் வோணுமா, வேணாவா?"