குப்பைக் கூட்டு

செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். ஒரு சொல்லைச் சோம்பேறித்தனமாகச் சுருக்கி எழுதி, எங்கள் சமையலம்மாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தவள்.

பிள்ளைகள் கை கழுவும் தண்ணீர் வீணாகிறதே என்று குழாயடியில் பாத்தி கட்டினோம். கத்தரியும் வெண்டையும் தலைகாட்டுவதற்குள் குப்பைக்கீரை தானாக மண்டிவிட்டது. சமையலம்மா அதைப் பிடுங்கி எறியாமல் கூட்டு வைத்தார். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள். பிறகு களை எடுக்கப் போகும் அம்மாக்களும் மடியில் கட்டிக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். மார்க்கெட்டிலிருந்து வரும் வாடிய முட்டைக்கோஸை நாங்கள் மறந்தே போனோம்.

எங்கள் சமையற்கட்டில் அந்தக் கீரையின் முழுப் பெயரை யாரும் சொல்வதில்லை. "குப்பை ஆய்ஞ்சாச்சா?" என்று நான் கேட்டால், "ஆச்சு டீச்சர்" என்பார் சமையலம்மா. அந்தப் பழக்கதோஷத்தில் ஒருநாள் போர்டிலும் அப்படியே எழுதிவைத்தேன்: சாதம், குப்பைக் கூட்டு, முட்டை.

யாரோ அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட, அது சென்னை வரை போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் குப்பையைப் போடுகிறார்கள் என்று புகார். சாயங்காலமே சத்துணவு அதிகாரி என்னைப் போனில் பிடித்துக்கொண்டார். மறுநாள் நேரில் வருவதாகவும், தப்பு என்று தெரிந்தால் சமைத்தவர் வேலையில் இருக்க முடியாது என்றும் சொன்னார். எழுதியது நான்தான் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. புருஷன் இல்லாமல் இரண்டு பெண்களைப் படிக்கவைக்கிறவர் சமையலம்மா.

"இன்னைக்கு உருளைக்கிழங்கு வச்சிடலாமா?" என்று காலையில் அவரிடம் கெஞ்சினேன்.

"இன்னாத்துக்கு டீச்சர்? மாத்துனா தப்பு செஞ்ச மாதிரி ஆயிடும். இன்னிக்கும் குப்பைதான்."

விஷயம் தெரிந்து நாலைந்து அம்மாக்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து, உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள்.

அதிகாரி வந்தார். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள், சமையலம்மா பாத்தியிலிருந்து ஒரு செடியை வேரோடு பிடுங்கிவந்து நீட்டினார்.

"இதான் சார் குப்பை."

அதிகாரி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அட, குப்பைக்கீரையா! கீரைன்னு ரெண்டு எழுத்து சேத்து எழுதினா குறைஞ்சா போயிடும்?" என்று என்னைப் பார்த்தார். ஒன்றும் குறைந்துபோயிருக்காதுதான். பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து, கூட்டை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புகாரில் உண்மை இல்லை என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது பக்கத்து ஊர்ப் பள்ளிகளிலும் குழாயடிப் பாத்தி இருக்கிறது. அம்மாக்களே கீரை கொண்டுவந்து தருகிறார்கள். அன்றைக்கு அதெல்லாம் யாருக்குத் தோன்றியது? அதிகாரியின் ஜீப் கிளம்பியதும்தான் எனக்கு உயிரே வந்தது. சுவரோரம் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் அழுதுவிட்டேன்.

சமையலம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சோறு போட்டு என் கையில் கொடுத்தார்.

"ஒங்களுக்கு இன்னா டீச்சர், அழுதுட்டீங்க. நான் நேத்துலேர்ந்து ஒரு வாய் சாப்டல. பொண்ணுங்க பாத்துடும்னு சாப்ட மாதிரி தட்ட கழுவி வச்சேன்."

பிறகு தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.