பிந்தி வெடித்த துவக்கு

எனக்கு அந்தப் பெண்மேல் பொறாமை. எரிச்சல், மனக்குறை என்றெல்லாம் நாகரிகமாகச் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. எழுபதுகளின் நடுவில், மெல்பேர்னில், மண்ணெண்ணெய் அடுப்பு மாதிரி எனக்குள் அது எரிந்துகொண்டே இருந்தது.

என் கணவருக்குக் கிளேட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. கூட வேலை செய்தவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரை வெரிபீக்கு அப்பால் ஒரு வெட்டவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பழங்காலத் துவக்குகளால் குறிபார்த்துச் சுடுகிற கிளப் ஒன்று அங்கே இருந்தது. போனவர் போனவர்தான். கொஞ்ச நாளில், பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய நீளத் துவக்கு ஒன்று எங்கள் கராஜில் குடியேறியது.

விசையை இழுத்தால் அதிலுள்ள தீக்கல் ஓர் எஃகுத் தகட்டில் உரசும். பொறி பக்கத்துச் சின்னக் கிண்ணியில் விழுந்து, அங்கே தூவியிருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும். அந்த நெருப்பு ஓர் ஊசித்துளை வழியாகக் குழலுக்குள் போய்ப் பெரிய மருந்தை வெடிக்க வைக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஒரே சத்தம். இல்லாவிட்டால் முதலில் டக், பிறகு புஸ், பிந்தி ஆறுதலாக டமார். அதற்குள் கை ஆடிக் குறி தப்பிவிடும். எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் அப்போது வேறு பேச்சே இல்லை.

அந்தக் கிளப்பில் இந்த வகைத் துவக்கை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவள்தான் அந்தப் பெண். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் சிவந்த கழுத்து, ஆண்களின் சட்டை, சிகரெட் இருமல். அழகியாக இருந்திருந்தால் நாலு பேருக்குச் சொல்லியாவது அழுதிருக்கலாம். இவர் அவள் பேச்சைக் கேட்கிற விதம்தான் என்னை வாட்டியது. நான் பேசும்போது பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் சொல்கிற மனிதர், அவள் சொன்னதை வரி பிசகாமல் கொண்டுவந்து என்னிடம் ஒப்புவிப்பார். கிண்ணியை நிரப்பக் கூடாதாம். தகட்டில் எண்ணெய்ப்பசை இருக்கக் கூடாதாம். என் பேச்சையும் ஒருநாள் இந்த மனிதர் அப்படிக் கேட்கவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு இவருடைய கணக்குப்போடும் அளவுகோலையும் என் தையல் மெஷினையும் படத்துக்கு முன்னால் வைத்தேன். "துவக்கையும் வையும்," என்றார். மனமில்லாமல்தான் வைத்தேன். ஆனாலும் பூசைக்கு வைத்தால் பொட்டு வைக்கத்தானே வேண்டும். துவக்கின் மரப்பகுதியில் பட்டால் மினுக்கம் போய்விட்டதென்று கத்துவார். அதனால் இரும்பில், நடுவாக, சந்தனத்தைக் குழைத்துக் குங்குமத்தோடு வைத்தேன்.

அடுத்த ஞாயிறு நானும் வருகிறேன் என்று சேலையைக் கட்டி, மரக்கறி ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவளை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தது.

அன்றைக்கு இவருடைய துவக்கு பிந்திப் பிந்தி வெடித்தது. டக், புஸ், டமார். குண்டு பலகையில் படவே இல்லை. அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். தீக்கல்லைத் திருப்பிப் பூட்டினாள். தகட்டைத் துடைத்தாள். கிண்ணியில் மருந்தைக் குறைத்துத் துளையிலிருந்து எட்டத் தள்ளினாள். பிறகும் அதே புஸ். துளையைக் குத்திச் சுத்தம் செய்தாயா என்று கேட்டாள். செய்தேன் என்றார் இவர். செய்ததுதான், பூசைக்கு முன்னால். அவள் நம்பிவிட்டு மருந்தில் ஈரமோ என்று பார்க்கத் தொடங்கினாள். இரண்டு பேருடைய தலையும் முட்டாத குறை.

நான் ரோல்ஸ் கொடுக்கிற சாட்டில் கிட்டப் போனேன். துளையின் விளிம்பில் இரும்போடு ஒட்டிக்கொண்டு ஒரு சிவப்பு. என் குங்குமம். வெளியில் இருந்ததை இவர் துடைத்திருக்கிறார், உள்ளே போன சந்தனம் காய்ந்து இறுகித் துளையைப் பாதி அடைத்திருக்கிறது. சொன்னால் பிழை என் தலையில். சொல்லாவிட்டால் பொழுதுபடும் வரை இரண்டு பேரும் இப்படியே குனிந்திருப்பார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியாது.

"இஞ்சேருங்கோ, அந்தத் துளையை ஒருக்காப் பாருங்கோவன்," என்றேன்.

"நீர் சும்மா இரும். உமக்கு இது விளங்காது," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அவள்தான் நிமிர்ந்தாள். என்ன சொல்கிறாய் என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். துவக்கு வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என் பக்கம் நீட்டினாள். தாலிக்கொடியில் கொளுவியிருந்த சேலைப்பின்னைக் கழற்றி, நிமிர்த்தி, துளைக்குள் விட்டுச் சுரண்டினேன். மஞ்சள் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. வெடிமருந்து நாற்றத்துக்கு நடுவில் எங்கள் சுவாமி அறை மணத்தது.

மறுபடி மருந்திட்டு இவர் சுட்டார். ஒரே சத்தம். பலகையில் பட்டது. இவர் சந்தோஷமாக அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் என் பின்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவளுடைய வண்டியின் பின்பலகையில் நாங்கள் இருவரும் ஏறி உட்கார்ந்துகொண்டோம். இரும்புக்கு ஏன் பொட்டு, சந்தனத்தை எதில் குழைப்பது, தையல் மெஷினுக்கும் உண்டா என்று அவள் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்ணெடுக்காமல் கேட்டாள். இப்படிக் கேட்டால் யார்தான் மயங்கமாட்டார்கள் என்று எனக்கே பட்டது. இவர் தீக்கல்லைப் பற்றி ஏதோ கேட்க வந்தார். பொறு என்று கையைக் காட்டினாள். கொஞ்சம் கழித்துத் தகட்டைப் பற்றிக் கேட்க வந்தார். திரும்பவும் அதே கை. கடித்த ரோலைக் கையில் வைத்துக்கொண்டு இவர் நின்ற முகத்தை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை தனியே சமைக்கும்போது குசினிக் கண்ணாடியில் நான் கண்ட முகம் அது.

திரும்பி வரும்போது, காரை ஓட்டிக்கொண்டே இவர் கேட்டார்.

"அவ உம்மோடை அவ்வளவு நேரம் என்ன கதைச்சவ?"

"விடுங்கோ. உங்களுக்கு அது விளங்காது."

ரேடியோவைப் போடப் போன கையை எடுத்துக்கொண்டார். "இல்லை, சொல்லும். நான் கேக்கிறன்," என்றார்.

கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் காத்திருந்த வார்த்தை. கிளேட்டனில் வீடு வரும் வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "ம்" என்று மட்டும் சொன்னேன்.