நெடுநாள்காரர் வீட்டுக்குப் போன தொட்டில்

எங்கள் அப்பா தொட்டில் வாடகைக்கு விடுகிறவர். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஓர் ஓட்டைத் தொட்டிலை வாசலில் கவிழ்த்துப் போட்டிருப்பார், அதுதான் அடையாளம். பிள்ளை பிறந்த வீட்டுக்காரர்கள் வந்து ஒரு மரத்தொட்டிலைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பிள்ளை கம்பியைப் பிடித்து எழுந்து நிற்க ஆரம்பித்ததும் திரும்பக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்பா ஆணிகளை முடுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெந்நீரால் துடைத்து வெயிலில் நிறுத்துவார். அது காய்வதற்குள் அடுத்த ஆள் வந்து நிற்பான்.

எங்கள் ஊரில் இரண்டு வகை ஜனங்கள் உண்டு. அறுபது எழுபது வயதில் கண்ணை மூடிவிடும் நாங்கள் ஒரு வகை. ஐந்நூறு அறுநூறு வருஷம் சாவகாசமாக வாழ்கிறவர்கள் இன்னொரு வகை. அவர்களுக்கு உயரம் கொஞ்சம் அதிகம், காது கொஞ்சம் நீளம், மற்றபடி நம்மைப் போலத்தான். அவர்களை நாங்கள் நெடுநாள்காரர்கள் என்போம். அவர்கள் எங்களை அவசரக்காரர்கள் என்பார்கள். இரண்டு பேச்சிலும் கோபம் கிடையாது.

ஆற்றை ஒட்டிய மேல்தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்களுடையது. அப்பா சின்னப் பையனாக இருந்தபோதே அங்கே பாதி வீடு பூட்டிக் கிடந்ததாம். காய்ச்சல் இருமல் எல்லாம் அவர்களை அண்டாது. ஆனால் படகு கவிழ்ந்தாலோ கூரையிலிருந்து விழுந்தாலோ அவர்களுக்கும் சாவுதான். ஐந்நூறு வருஷத்தில் அப்படி ஏதாவது ஒன்று நடந்துவிடும். போனவர் இடத்துக்கு வர ஆள் இருக்காது. நாங்களோ வீட்டுக்கு நாலு, ஐந்து என்று பெற்றுத் தள்ளி, இடம் போதாமல் அவர்கள் விட்டுப்போன வீடுகளுக்கே குடிபோனோம். கொஞ்ச காலத்தில் மேல்தெருக் கொடிகளில் காய்ந்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சின்னச் சட்டைகள்தான்.

எங்கள் வீட்டிலும் ஐந்து. இரண்டு அண்ணன், இரண்டு அக்கா, கடைசியாக நான். நான் பிறந்த வாரம் மேல்தெருவிலிருந்து ஒரு நெடுநாள்காரர் மனைவியோடு கடைக்கு வந்தார். அவர் ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். அந்த அம்மா புத்தக பைண்டிங் செய்கிறவர். நெடுநாள்காரர்கள் யாரும் அதுவரை அப்பாவின் கடைப் படியை மிதித்ததில்லை. அந்தத் தெருவில் கடைசியாகப் பிறந்த குழந்தை அந்தக் கண்ணாடிக்காரரேதான். அவருக்கு அப்போது நூற்றைம்பது தாண்டியிருந்தது. அவர் கிடந்த தொட்டில் எப்போதோ உளுத்து அடுப்புக்குப் போய்விட்டதாம்.

அப்பா வழக்கம்போல், எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒரு ஏழு வருஷத்துக்கு இருந்தா போதும்" என்றார் கண்ணாடிக்காரர்.

இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் அப்பா. ஆனால் இருந்ததிலேயே கெட்டியான தொட்டிலைப் பார்த்துக் கொடுத்தார். எட்டு மாதத்துக்கு என்று செய்த மரம் ஏழு வருஷம் தாங்குமா என்ற கவலையில், சில மாதங்களுக்கு ஒரு முறை சுத்தியலோடு அந்த வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கைக்குழந்தையான என்னையும் தூக்கிக்கொண்டு போவார். நான் இல்லாவிட்டால் அம்மா கொஞ்சம் தூங்குவாள் என்பது அவருடைய ஏற்பாடு.

அப்படி நான் முதன்முதலில் தவழ்ந்தது அந்த வீட்டுத் தரையில்தான். தொட்டிலில் கிடந்த பெண் குழந்தைக்கும் எனக்கும் ஒரே வயது. நான் நடந்து ஓடிப் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கழுத்து நிற்கப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்குப் பால்பற்கள் ஆட ஆரம்பித்தபோது அவளுக்கு முதல் பல் முளைத்தது. என் சின்ன அண்ணன் அவளுக்கு ஆமைக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டான். அம்மா அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பைண்டர் அம்மாவோ, ஆமைக்கும் ஆயுசு கெட்டிதானே என்று சிரித்துவிட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

தொட்டிலைப் பார்க்கப் போகும் அப்பா ஆணியை முடுக்கி முடித்த பிறகும் கிளம்ப மாட்டார். சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் குழந்தையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அம்மாவிடம் சொன்னார்:

"நம்மது அஞ்சும் எப்ப குப்புற விழுந்துச்சு, எப்ப உக்காந்துச்சுன்னு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. இந்தப் பிள்ளைகிட்ட நின்னு பாக்க முடியுது."

"நீங்க வீட்டுல இருந்திருந்தா அதுவும் ஞாபகம் இருந்திருக்கும்" என்றாள் அம்மா, முகத்தைக்கூடத் திருப்பாமல்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஆமைக்குட்டி முதல் வார்த்தை பேசினாள். அது அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. "மாமா." சுத்தியலோடு வாசலில் நின்ற எங்கள் அப்பாவைப் பார்த்துத்தான் சொன்னாள். கண்ணாடிக்காரருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். அப்பா அன்றைக்கு எங்கள் தெருவில் யாரைப் பார்த்தாலும் நிறுத்தி வைத்து அதைச் சொன்னார்.

அதற்குப் பிறகு நான் அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அவளோடு விளையாடும் வயது எனக்குத் தாண்டிவிட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. பொம்மைக்குப் பதிலாக நிஜக் குழந்தை கிடைத்த சந்தோஷம்தான். அவளுக்கும் அப்போது ஒன்றும் தெரியவில்லை. பெரிய அண்ணனுக்குப் பையன் பிறந்து, அவன் நடை பழகி அவளுக்குச் சமமாக வந்தபோதுதான் அவளுக்கு ஒரு ஜோடி கிடைத்தது. ஒரே தட்டில் சாப்பிடுவார்கள், ஒருவர் அழுதால் இன்னொருவரும் அழுவார்கள். இரண்டு கோடைகாலம் அப்படிப் போனது. பிறகு அண்ணன் வேலை மாறி ஊரின் அந்தக் கோடிக்குக் குடிபோனான். பையன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தான்.

ஆறு வயதில் அவன் ஒரு நாள் அவளைப் பார்க்க வந்தான். கை கால் நீண்டு, முன்பல் இரண்டு விழுந்து, சட்டையைக் கால்சட்டைக்குள் விட்டிருந்தான். அவள் அவனைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். அவனை வரச் சொல்லு என்றாள். நான்தான் வந்திருக்கிறேனே என்றான் அவன்.

"நீ இல்ல. அவன் சின்னப் பையன்."

அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் இரண்டு பேரும் அழுதார்கள். அவனை நான்தான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றிலிருந்து ஆமைக்குட்டி வாசற்படியில் போய் உட்கார ஆரம்பித்தாள். அக்கா தன் மகளைக் கொண்டுபோய் அவள் பக்கத்தில் விட்டாள். ஆமைக்குட்டி அந்தக் குழந்தையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதுவும் பெருசாயிடும்" என்று சொல்லித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். சாப்பாடு குறைந்தது. மூன்று வயதுப் பிள்ளை போல இருக்கும் அவள் கண்ணுக்குக் கீழே கருப்பு தட்டியது.

சில வாரங்கள் கழித்து ஒரு காலை, கண்ணாடிக்காரர் தொட்டிலைத் தோளில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். அதில் படுக்கும் வயதைத் தாண்டிய பிறகும் ஆமைக்குட்டி அதில் உட்கார்ந்து விளையாடுவாள் என்று அவர்கள் திருப்பித் தரவே இல்லை, அப்பாவும் கேட்டதில்லை. மலைப் பக்கம் நெடுநாள்காரர்கள் ஊர் ஒன்று இருக்கிறதாம். அங்கே அவள் பிராயத்தில் நாலு குழந்தைகள் இருக்கிறார்களாம். அங்கேயே போய்விடுகிறோம் என்றார் அவர். கண்ணாடி வெட்டும் மேஜையைக்கூட யாருக்கோ விலை பேசிவிட்டாராம்.

அப்பா தொட்டிலை வாங்கிக் கீழே வைத்தார். பிறகு கடையைக்கூடச் சாத்தாமல் அவரோடு நடந்தார். நான் அப்போது முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தேன். அப்பாவின் முகம் சரியில்லை என்று பின்னாலேயே போனேன்.

அந்த வீட்டில் பாதி சாமான் கட்டியாகிவிட்டது. பைண்டர் அம்மா தைத்த தாள்களின் நூலை வெட்டிக்கொண்டிருந்தார். அப்பா நின்றபடியே, அவர் வாயில் அதுவரை வராத பேச்சைப் பேசினார்.

"இன்னொண்ணு பெத்துக்கங்க."

கண்ணாடிக்காரர் திகைத்துப் போனார். "இப்பத்தானே இவ பொறந்தா?" என்றார். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டேன்.

முதல் பிள்ளை ஆளாகி வேலைக்குப் போன பிறகுதான் அடுத்தது என்பது அவர்கள் பழக்கம். அதற்கு நூற்றைம்பது வருஷமாவது ஆகும். அதற்குள் தள்ளிப்போட்டது தள்ளிப்போட்டதாகவே நின்றுவிடும். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் ஒற்றைப் பிள்ளை, மீதிப் பேர் வீட்டில் அதுவும் இல்லை.

"உங்களுக்குக் கைவசம் நாள் நிறைய இருக்கு, தள்ளிப் போடுறீங்க. எங்களுக்குத் தள்ளிப் போட இடமே இல்ல. இவகூட சேந்து மெதுவா வளர இவ வீட்டுலயே ஒண்ணு வேணாமா?" என்றார் அப்பா.

பைண்டர் அம்மா நூலைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தாமல்தான் பேசினார். ஆறு வருஷம் வயிற்றில் சுமந்ததையும், ஏழு வருஷம் இரவில் எழுந்து எழுந்து பால் கொடுத்ததையும், அப்போது பைண்டிங் ஊசியைக் கையில் வைத்தபடி தூங்கிவிழுந்ததையும் சொன்னார். கேட்டால் சொல்ல, கூடமாட நிற்க அந்தத் தெருவில் பிள்ளை வளர்த்த ஞாபகம் உள்ளவர்கள் யாருமே இல்லை.

"ஆசை இல்லாம இல்லண்ணே. இன்னொரு தடவ தனியா என்னால முடியாது."

அப்பாவை அவர் அண்ணே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வயதில் அப்பாவைப் போல் மூன்று மடங்கு அவர்.

"தனியா யாரு செய்யச் சொன்னா? எங்க வீட்டுல பதினாலு கை இருக்கு" என்றார் அப்பா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு, பதினாலில் உங்கள் இரண்டு கையைக் கழித்துவிட்டுச் சொல்லியிருக்கலாம், அவை எந்தக் காலத்தில் வீட்டு வேலைக்கு வந்தன என்றாள். மறுநாள் விடிந்ததும் அப்பா மேல்தெருவுக்குப் போய் ஆமைக்குட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து தினமும் மதியம்வரை அவள் கடையில்தான். கட்டிய மூட்டைகளை அவர்கள் ஒவ்வொன்றாக அவிழ்த்தார்கள்.

அடுத்த வருஷம் பைண்டர் அம்மா உண்டானார். ஆறு வருஷச் சுமை. கால் வீங்கிய நாட்களில் பெரியக்கா போய்ச் சமைத்தாள், சின்னக்கா துணி துவைத்தாள். அண்ணிமார்கள் முறை வைத்துக்கொண்டார்கள். நான் இரண்டு பிள்ளை பெற்று எழுந்தும் அந்த அம்மாவுக்கு மாதம் நிறையவில்லை. நான் முந்திக்கொண்டேன் என்று சொல்லிச் சிரிப்பார்.

நெடுநாள்காரர்களில் பெரியவர் ஒருவர் கடைக்கே வந்து, எங்கள் வழக்கத்தைக் கெடுத்துவிட்டாய் என்று மரியாதையாகச் சொன்னார். அப்பா ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவர் உட்கார்ந்து, தொட்டில்கள் போவதையும் வருவதையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்போது, இது என்ன மரம் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

எனக்கு முப்பது வயதில் ஆமைக்குட்டிக்குத் தம்பி பிறந்தான். அவனுக்காக அப்பா கனத்த மரத்தில் தன் கையாலேயே புதுத் தொட்டில் ஒன்று செய்திருந்தார். ஆமைக்குட்டி முதலில் கிட்டே வரவில்லை. கதவோரம் நின்று நாள் கணக்கில் பார்த்தாள். அப்பா போகும்போதெல்லாம் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்விதான்.

"மாமா, இவன் நாளைக்கும் இப்படியே இருப்பானா?"

"இருப்பான்."

"நாளன்னைக்கு?"

"இருப்பான்டா கண்ணு."

கோடை போய் மழை வந்து, மறுபடி கோடை வந்தது. தம்பி அப்படியேதான் கிடந்தான். ஒரு நாள் நாங்கள் போனபோது அவள் தொட்டில் பக்கத்தில் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். கம்பிக்குள் விட்டிருந்த அவள் விரலை அவன் பிடித்திருந்தான். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். சத்தம் போடாதே என்று எனக்குச் சைகை காட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மேல்தெருவில் இன்னும் மூன்று வீட்டில் தொட்டில் ஆடியது. அதில் ஒன்று, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவரின் பேத்தி வீடு. அதற்காக அவர்கள் எங்களை மிஞ்சிவிடப் போவதில்லை. நாங்கள் இன்னும் அதே வேகத்தில்தான் பெருகுகிறோம். ஆனால் அந்தத் தெருவில் புதிதாக எந்த வீடும் பூட்டப்படவில்லை.

அப்பா எழுபத்து மூன்றாம் வயதில் படுக்கையில் விழுந்தார். முதுமையைக் கிட்ட நின்று பார்க்க நெடுநாள்காரர்களுக்குப் பயம் என்பார்கள். ஆனால் கண்ணாடிக்காரர் குடும்பம் தினமும் வந்தது. அப்போதுதான் நிற்கப் பழகியிருந்த பையனை அப்பாவின் பக்கத்தில் விடுவார்கள். அவன் அவர் மீசையைப் பிடித்து எழுந்து நிற்பான். ஆமைக்குட்டி கட்டிலில் ஏறி உட்கார்ந்து, மாமா எப்போது எழுந்திருப்பார் என்று கேட்பாள். பைண்டர் அம்மா மகளை மடியில் இழுத்து, "மாமா இனிமே எழுந்திருக்க மாட்டார். நீ பக்கத்துல இரு" என்று சொன்னார். அவள் இருந்தாள். இரண்டு நாள் கழித்து, ஒரு மதிய வேளையில் அப்பா, யார் வீட்டிலோ ஒரு தொட்டிலுக்குக் கொக்கி மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியவர்தான்.

எனக்கு இப்போது ஐம்பத்து மூன்று. ஆமைக்குட்டிக்கும் அதுதான், பார்த்தால் ஏழு வயது சொல்லலாம். என் பேரனும் அவள் தம்பியும் இப்போது ஒரே உயரம். சேர்ந்து மண்ணில் புரளுகிறார்கள். பேரன் பள்ளிக்கூடம் போகும் நாள் வந்தாலும் தம்பி தனியாக உட்கார வேண்டியதில்லை; அவனுக்கு அக்கா இருக்கிறாள்.

போன மாதம் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேரனுக்கு என் அப்பாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். முகம் ஞாபகம் இருந்தது, நடை ஞாபகம் இருந்தது. குரல் மட்டும் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதைச் சொன்னேன். ஆமைக்குட்டி, இதென்ன பெரிய விஷயம் என்பதுபோல் என்னைப் பார்த்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தாடையை உள்ளே இழுத்து, "எங்கடா போச்சு அந்தச் சின்ன ஆணி, இப்பத்தானே வாயில வச்சிருந்தேன்?" என்றாள்.

பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நான் அவளை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள்.