மேடையில் மட்டும் சமம்

கஞ்சிப் பசையின் புளித்த வாடை மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குக் கோபம்தான் வரும். சுதந்திரத்துக்கு முந்தைய வாரங்களில் எங்கள் பேட்டையான காஜா பேராங் முழுக்க அந்த வாடைதான். காகிதக் கொடிகளைக் கயிற்றில் ஒட்டிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. என் அம்மா அஞ்சலை தெருக் கூட்டும் வேலை பார்த்தாள். எங்கள் வரிசை வீடுகளை மற்ற தமிழர்கள் "கூட்டுறவங்க லயம்" என்பார்கள். சொல்லும்போதே முகம் சுளிக்கும்.

தமிழ்ப்பள்ளியில் எங்கள் வாத்தியார் விழாவுக்காக ஒரு பேச்சு எழுதினார். பிறப்பால் எவரும் தாழ்ந்தவரில்லை, புதிய நாட்டில் எல்லோருக்கும் ஒரே உரிமை என்று போகும். குரல் கணீரென்று இருந்ததால் என்னைத் தேர்ந்தெடுத்தார். குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும்போதும் அதைச் சொல்லிப் பார்ப்பேன். உரிமை என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் அது என்னுடையது என்று தோன்றியது.

ஒத்திகைக்கு விழாக் குழுத் தலைவரான மளிகைக் கடைக்காரர் கோயில் மண்டபத்துக்கு வந்தார். நான் பேசி முடிக்கும்வரை தலையாட்டிவிட்டு, "யாரு புள்ள இது?" என்று கேட்டார். வாத்தியார் சொன்னார்.

"லயத்துப் புள்ளையவா கோயில் மண்டபத்துல ஏத்தப் போறீங்க? நம்ம பொம்பளைங்க எல்லாம் வருவாங்க சார். என் மக சரோஜாவுக்குக் குடுங்க."

வாத்தியார் சரியென்றார். சரோஜாவுக்கு நாக்குப் புரளாததால், அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டினார்.

நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அவள் வேலை உடுப்போடே என்னையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் நுழைந்தாள்.

"சார், எனக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பேச்ச ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க."

வாத்தியார் தாழ்ந்த குரலில் படித்தார். அம்மா கடைசிவரை கேட்டாள். அங்கே இருந்த கடைக்காரர் சலித்துக்கொண்டார்: "அதெல்லாம் மேடைக்கு எழுதுறதும்மா. ஊரு வழக்கம் வேற."

"அப்ப மேடையில மட்டுந்தான் சமம். சரிங்கய்யா, அந்த மேடையிலயாவது என் மகள ஏத்துங்க."

குழுவைச் சேர்ந்த இரண்டு பேர் எங்களை வெளியே போகச் சொன்னார்கள். வாசலில் அம்மா என் மணிக்கட்டை வலிக்கப் பிடித்தாள். "அந்தப் பொண்ணுக்கு ஒரு எழுத்துக்கூடச் சொல்லிக் குடுக்காத."

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. விழாவன்று சுற்றிலும் "மெர்டேக்கா" என்று மலாய் மொழியில் சுதந்திர முழக்கம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள்; சரோஜா இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டாள். வேலிக்கு வெளியே நின்ற என்னை வாத்தியார் திரும்பிப் பார்த்தார். மீதி முழுவதும் எனக்குத் தெரியும். வாயை இறுக மூடிக்கொண்டேன். அவள் அழுதுகொண்டே இறங்கினாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அடுத்த மாதமே அம்மா என்னைப் பண்டார் ஹிலிரில் வேறு பள்ளியில் சேர்த்தாள்.

இப்போது அந்த லயம் இல்லை, அடுக்குமாடி நிற்கிறது. மளிகைக் கடை கைப்பேசிக் கடையாகிவிட்டது. மண்டபத்தில் யாரும் யாரையும் தடுப்பதில்லை. சென்ற மாதம் என் பேத்தியைப் பெண் பார்க்க செங் ஊரிலிருந்து வந்தவர்கள், மரியாதையாகத் தேநீர் குடித்துவிட்டு, "தப்பா நினைக்காதீங்கம்மா, நீங்க எந்த ஆளுங்க?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

மகன் வாய் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்புங்க," என்றேன்.