குறட்டையின் காப்புரிமை

அந்தத் தெருவில் அவருக்குப் பெயர் டாக்டர். பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை முட்டிப் பார்த்துவிட்டு விட்டவர்தான். ஆனாலும் செத்துப்போன கைப்பேசியை அவரிடம் கொடுத்தால் உயிரோடு திருப்பித் தருவார் என்பதால் அந்தப் பட்டம். எட்டடிக்கு ஆறடியில் ஒரு கடை. கண்ணாடி மேஜை, பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கு, விதவிதமான இடுக்கிகள், எந்தப் போனிலிருந்து கழன்றவை என்று அவருக்கே தெரியாத திருகாணிகள் நிறைந்த ஒரு மாத்திரை டப்பா. பின்பக்கம் ஒரு நீலத் திரைச்சீலை.

உடைந்த கண்ணாடி, உப்பிப்போன பேட்டரி, சார்ஜ் ஏறாத வியாதி எல்லாவற்றுக்கும் ஆளை எதிரில் உட்காரவைத்தே வைத்தியம் பார்ப்பார், கூடவே ஊர்க்கதையும் பேசுவார். தண்ணீரில் விழுந்த போன் வந்தால் மட்டும் ஆள் மாறிவிடுவார். அதைத் துடைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு திரைக்குப் பின்னால் போவார். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றும் சத்தம் கேட்கும். நாலு நிமிஷம். வெளியே வரும்போது, சளி பிடித்ததுபோலக் கொரகொரத்துக்கொண்டிருந்த ஸ்பீக்கர் கணீரென்று பேசும். என்ன செய்தீர்கள் என்று கேட்டால் "மருந்து போட்டேன்" என்பார். அதற்கு மேல் கேட்டால் கோபம் வரும்.

அந்த மருந்து வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். டாக்டரின் மனைவி பள்ளிக்கூட நூலகர். மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விடும்படி ஒரு பள்ளிக்கூடத்தையே பழக்கிவைத்திருப்பவர். அப்படிப்பட்டவர் விடுமுறை நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் அலமாரியின் கண்ணாடிக் கதவு அதிரும். சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். "நானா? குறட்டையா? அதெல்லாம் அடக்கமில்லாதவங்க விடுறதுங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். டாக்டரும் எத்தனை வருஷம்தான் பொறுப்பார்? ஒரு மதியம் தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்துப் பதிவு செய்தார். பின்னால் மறுத்துவிடக் கூடாதே என்று முதலில் தேதியையும் நேரத்தையும் கிசுகிசுத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

பதிவு செய்தாயிற்று. போட்டுக்காட்டத்தான் தைரியம் வரவில்லை. மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். நாலாம் நாள் துணி அலசக் குனிந்தபோது போன் வாளிக்குள் விழுந்தது. எடுத்துத் துடைத்து, ஸ்பீக்கர் பிழைத்திருக்கிறதா என்று பார்க்கக் கண்ணில் பட்ட முதல் பதிவைத் தட்டினார். குறட்டை கிளம்பியது. ஸ்பீக்கரின் சல்லடைக் கண்களிலிருந்து தண்ணீர் பொட்டுப் பொட்டாகத் துள்ளி வெளியே விழுந்தது. குறட்டை உச்சிக்குப் போய்ப் 'புஸ்' என்று இறங்கும்போதெல்லாம் ஒரு பெரிய சொட்டு. டாக்டர் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டு தேடுகிற ஒன்று, ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிற மனிதருக்குக் கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து ஒன்பது வருஷம், தெருவில் நனைந்த போனுக்கெல்லாம் அதுதான் மருந்து. மழைக்காலத்தில் கடையே அதை நம்பித்தான் ஓடியது. குறட்டையைப் போட்டுத் தொழில் நடக்கிறது என்று மனைவிக்குத் தெரிந்தால் அத்தோடு வீட்டில் தன் கதை முடிந்தது என்பதில் டாக்டருக்குச் சந்தேகமே இல்லை. திரைச்சீலையும் மின்விசிறியும் அதற்காகத்தான்.

இப்படியே போயிருக்கும். கெடுத்தது ஒரு பெரிய கைப்பேசிக் கம்பெனி. கனத்த ஒலியை எழுப்பி ஸ்பீக்கரிலிருந்து தண்ணீரை வெளியேற்றும் முறையைத் தாங்கள்தான் கண்டுபிடித்ததாக அவர்கள் காப்புரிமை வாங்கினார்கள். வாங்கிய கையோடு, இனி வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று போட்டிக் கம்பெனிக்கும், போன் பழுதுபார்ப்பவர்களின் சங்கத்துக்கும் நோட்டீஸ் விட்டார்கள். போட்டிக் கம்பெனி சும்மா இருக்குமா? காப்புரிமையை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட்டது. அதன் வக்கீலம்மாவுக்கு நல்ல ஞாபகசக்தி. ஏழு வருஷத்துக்கு முன்னால் கைகழுவும் தொட்டியில் விழுந்த தன் போனை நாலு நிமிஷத்தில் பேசவைத்த மனிதரைத் தேடிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"அண்ணே, அவங்க காப்புரிமைக்கு மனு போட்டே ஆறு வருஷம்தான் ஆகுது. நீங்க அதுக்கும் முன்னாலயே பண்ணிட்டிருந்தீங்க. விசாரணையில வந்து அதைச் சொன்னா போதும்."

"வரலன்னா?"

"நனைஞ்ச போனோட வர்றவங்களுக்குக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வழி சொல்லிட்டு, நீங்க கடையில ஈ ஓட்டலாம்."

"என்ன சத்தம்னு கேப்பாங்களோ?"

"கேக்காம இருப்பாங்களா?"

போனால் வீடு போய்விடும், போகாவிட்டால் கடை போய்விடும். டாக்டருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில், மனைவி வராமல் பார்த்துக்கொண்டால் சமாளித்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

"உனக்கு லீவு கிடைக்காதே" என்று மெதுவாக ஆரம்பித்தார்.

"போட்டாச்சுங்க. என் வீட்டுக்காரரு கண்டுபிடிப்பாளர்னு நாலு பேரு முன்னாடி சொல்லப்போறாங்க. நான் இல்லாமலா?" என்றார் நூலகர். துணைக்குப் பக்கத்துக்கடைத் தையல்காரம்மாவையும் கூட்டிக்கொண்டார்.

விசாரணை அறையில் நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அதிகாரி ஒருவர், தட்டச்சர் ஒருவர், இரண்டு பக்கமும் கோப்புகள். பெரிய கம்பெனியின் வக்கீல் ஒல்லியான மனிதர். தேன் தடவிய மாதிரி பேசினார்.

"இந்த முறையை யாருக்காவது சொல்லிக்கொடுத்திருக்கீங்களா?"

டாக்டரின் கண் மூன்றாவது வரிசைக்குப் போனது. அங்கே மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இல்லைங்க. ஒருத்தருக்கும் தெரியாது."

"உங்க மனைவிக்கு?"

"அவளுக்குச் சத்தியமா தெரியாதுங்க."

வக்கீலம்மா தலையில் கைவைத்துக்கொண்டார். ஒல்லி வக்கீலுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "ஐயா குறிச்சுக்கணும். திரைக்குப் பின்னாடி ஒளிச்சுவச்ச விஷயம். நாலு பேருக்குத் தெரிஞ்சு புழங்கியிருந்தாத்தானே அது பழசு? ஒருத்தருக்கும் தெரியாத ஒண்ணு எங்க காப்புரிமையை எப்படிக் கெடுக்கும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்ல அந்தச் சத்தத்தைப் போடுங்க, கேப்போம்."

"போன்ல சார்ஜ் இல்லைங்க."

பழுதுபார்ப்பவர்களின் சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்திருந்தார்கள். எட்டுப் பேரும் சார்ஜரை நீட்டினார்கள்.

கடையில் போடும்போது முதல் சில விநாடிகளைத் தள்ளிவிட்டுத்தான் போடுவார். அன்றைக்கு இருந்த பதற்றத்தில் ஆரம்பத்திலிருந்தே போட்டுவிட்டார். அறை முழுக்க அவருடைய கிசுகிசுப்புக் கேட்டது. நாள், மாதம், வருஷம், மதியம் ரெண்டு இருபது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "இது என் பொண்டாட்டி விடுற குறட்டை. நாளைக்கு இல்லன்னு சாதிக்கக் கூடாது" என்று முடிந்தது. பிறகு குறட்டை. அதிகாரியின் மேஜையிலிருந்த தம்ளர் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது வரிசையில் நாற்காலி நகர்ந்தது.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லலாமா?"

"நீங்க யாரும்மா?"

"நாந்தாங்க அந்தக் குறட்டை."

தட்டச்சர் அடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். நூலகரின் முகம் சிவந்திருந்தது, கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தார், குரல் மட்டும் நடுங்கவில்லை. "ஒருத்தருக்கும் தெரியாதுன்னு இவரு சொல்றது தப்புங்க. எங்க தெருவுல தெரியாத ஆளே கிடையாது. எனக்கே எட்டு வருஷமா தெரியும். இதோ இவங்கதான் வந்து சொன்னாங்க."

தையல்காரம்மா எழுந்தார். "ஆமாங்கய்யா. ரெண்டு கடைக்கும் நடுவுல வெறும் பலகைதான். நனைஞ்ச போனோட வர்றவங்க என்கிட்டதான் கேட்டுட்டுப் போவாங்க, 'டாக்டர் இன்னைக்கு அக்காவைப் போடுவாரா'ன்னு. எதிர்த்த கடை வாட்ச் ரிப்பேர்காரரு நம்ம வாசல்ல நின்னு பதிவு பண்ணிட்டுப் போயி, அவரு கடையிலயும் போட்டுட்டிருக்காரு. அதுவே ஏழெட்டு வருஷமாச்சு."

டாக்டர் திருதிருவென்று விழித்தார். ஒன்பது வருஷம் மின்விசிறிக்கு ஆன மின்சாரம் அத்தனையும் தண்டம்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "எட்டு வருஷமா தெரிஞ்சிருந்தும் இவரை ஏம்மா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா, நான் குறட்டை விடுறேன்னு ஒத்துக்கணுமேங்க!"

அறையே சிரித்தது. ஒல்லி வக்கீலும் கோப்பால் வாயை மறைத்துக்கொண்டார். டாக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, கண் கலங்கியது. கல்யாணமான நாளிலிருந்து பதினேழு வருஷம் விட்டுக்கொடுக்காத மானத்தை, இவருடைய கடைக்காக, முன்பின் தெரியாதவர்கள் எதிரில் எடுத்து வைத்துவிட்டார் அந்த அம்மாள். இனி காலத்துக்கும் அவரிடம் தலைகுனிந்துதான் நிற்க வேண்டும் என்று டாக்டருக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலத்திலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு மேஜைக்கு வரும், வார்த்தை வராது. அதைவிடக் கொடுமை, விடுமுறை மதியங்களில் நூலகர் தூங்குவதையே நிறுத்திவிட்டு, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து புத்தகம் படித்தார். கடையில் நனைந்த போன் வந்தால் டாக்டர் திரைச்சீலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். வழக்கில் ஜெயித்தாலும் இனி அந்தச் சத்தத்தைப் போட மனசு வராது என்று வக்கீலம்மாவிடமே சொல்லிவிட்டார்.

நாலாவது வாரம் தீர்ப்பு வந்தது. காப்புரிமை ரத்து. பன்னிரண்டு பக்கம். சாயங்காலம் டாக்டர் அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நூலகர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பக்கத்தைப் புரட்டுகிற சத்தம்கூடக் கேட்காமல் முதல் வரியிலிருந்து படித்தார். ஒன்பதாவது பக்கத்தில் நின்றுவிட்டார். நாலு வாரத்துக்கு அப்புறம் வாய் திறந்தது.

"இது என்ன எழுதியிருக்காங்க? 'ஒரு பெண்மணியின் சாதாரணக் குறட்டை'ன்னு?"

"விடும்மா. விவரம் தெரியாதவங்க."

"வேற யாரோட குறட்டையாவது போட்டுப் பாத்திருக்கீங்களா?"

பொய் சொல்லலாமா என்று டாக்டர் ஒரு கணம் யோசித்தார். இதற்கு மேல் போக மானமும் இல்லை, மறைக்க ரகசியமும் இல்லை. "பாத்தேன். என்னோடதைப் போட்டேன். உன் தம்பியோடதைப் போட்டேன். இடிச்சத்தம், லாரி உறுமுற சத்தம் எல்லாம் போட்டேன். தண்ணி அரைகுறையாத்தான் வருது. உன்னோடதுக்குத்தான் கடைசிச் சொட்டு வரைக்கும் வரும்."

நூலகர் தீர்ப்பை மூடிவைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எழுந்து போய் டாக்டரின் போனை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார்.

"வக்கீலம்மாவைக் கூப்பிடுங்க. மேல்முறையீடு பண்ணணும்."

"நாம ஜெயிச்சாச்சும்மா. ஜெயிச்ச கேசுல எதுக்கு மேல்முறையீடு?"

"அந்தச் 'சாதாரண'ங்கிற வார்த்தையை எடுக்கச் சொல்லி."